ஒரே மோர்கோன், நான்கு புட்டி: எதை எடுப்பது?

பிரான்சின் லியோன் நகருக்கு வேலை மாறி வந்த நண்பர் ஒருவர் ஒயின் கடைக்குள் நின்றபடியே தொலைபேசியில் கூப்பிட்டார். மறுநாள் இரவு மேலதிகாரி வீட்டில் விருந்து. வெறுங்கையோடு போக முடியாது. "அண்ணா, கையில் இரண்டு புட்டி இருக்கிறது. ஒரே பண்ணை, ஒரே வருடம். ஒன்றில் 'என்' என்று ஒற்றை எழுத்து, இன்னொன்றில் 'எஸ்'. சட்டைக்குப் போடுவதுபோல் அளவா இது?" என்றார்.

அளவு இல்லை, கந்தகம். அவர் கையில் இருந்தது லப்பியேர் குடும்பத்தின் மோர்கோன் என்ற சிவப்பு ஒயின். அந்தப் பண்ணை ஒரே ஒயினை இரண்டு விதமாகப் புட்டியில் அடைக்கிறது. அடைக்கும் நேரத்தில் சல்ஃபைட் என்ற கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு சேர்த்தது 'எஸ்'. எதுவும் சேர்க்காதது 'என்'. ('என்னுடையது' என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதால் இனி 'சேர்த்தது', 'சேர்க்காதது' என்றே எழுதுகிறேன்.)

நண்பர் இரண்டில் ஒன்றைக் கேட்டார். ஆனால் அதே அலமாரியில், அதே ஊர்ப் பெயரைத் தாங்கி இன்னும் இரண்டு வகை நிற்கும்: பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும் கூட்டுறவு நிலையத்து மோர்கோன், 'ஏபி' முத்திரை உள்ள இயற்கை வேளாண் மோர்கோன். இவற்றுக்கு நடுவே மாட்டிக்கொண்டு எனக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "எது சுத்தமானது?" என்றுதான் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால் கேள்வி முடியாது. திறக்கும்வரை புட்டி எங்கே இருக்கப்போகிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதி விடை உடனே வந்துவிடும்.

முதலில் அந்தப் பண்ணை

லியோனுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது வில்லியே-மோர்கோன். பொஜொலே வட்டாரத்தில் தன் பெயரிலேயே ஒயின் விற்கும் உரிமை பெற்ற பத்து இடங்களில் மோர்கோன் ஒன்று. இங்கே சிவப்பு ஒயினுக்கு ஒரே திராட்சைதான், கமே. மார்செல் லப்பியேர் 1973இல் குடும்பத் தோட்டத்தை ஏற்ற காலத்தில் களைக்கொல்லி, ரசாயன உரம், பாக்கெட் ஈஸ்ட் என்பதுதான் வட்டாரம் முழுவதும் பரவிக்கொண்டிருந்த வழி. 1981இல் அவர் ஜூல் ஷோவே என்பவரைச் சந்தித்தார். ஷோவே ஒயின் வணிகர், கூடவே வேதியியல் அறிந்தவர். பழம் ஆரோக்கியமாக இருந்து, தொட்டியில் நடப்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தால் கந்தகம் இல்லாமலே ஒயின் செய்யலாம் என்பது அவர் கட்சி. லப்பியேர் அந்த வழிக்கு மாறினார். பக்கத்துத் தோட்டக்காரர்களான ஃபோயார், ப்ரெத்தோன், தெவனே மூவரும் சேர்ந்துகொண்டார்கள். கெர்மிட் லின்ச் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் இவர்களுக்கு 'நால்வர் கும்பல்' என்று பெயர் வைத்தார். மார்செல் 2010இல் காலமானார். இப்போது பண்ணையை நடத்துவது அவருடைய பிள்ளைகள் மத்யூவும் கமீய்யும்.

கந்தகத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். ஒயினில் சல்ஃபைட் ஏறக்குறைய அந்தச் சுண்ணாம்பின் இடத்தில் இருக்கிறது. நொதிப்பையே நிறுத்துவதற்காக அதைப் போடுவதில்லை. வேண்டாத நுண்ணுயிரிகளை அடக்கவும், காற்று பட்டு ஒயின் கெடாமல் காக்கவும் போடுகிறார்கள். அது இல்லாமல் வேலை செய்கிறவர் அந்தக் காவலை வேறு வழியில் கொடுத்தாக வேண்டும். ஆகவே குலைகளைக் கையால் பறிக்கிறார்கள், அழுகலைப் பொறுக்கி எறிகிறார்கள், பழத்தைக் குளிரவைக்கிறார்கள், நசுக்காமல் முழுக் குலையாகவே தொட்டியில் இறக்குகிறார்கள். மேலே கரியமில வாயு நிரம்பி நிற்க, தோலுக்குள்ளேயே பழம் நொதிக்கத் தொடங்குகிறது. அடியில் பாரம் தாங்காமல் நசுங்கிய பழத்தின் சாற்றில், தோட்டத்திலிருந்து பழத்தோடு வந்த ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். அச்சில் போட்டுப் பிழியும்போது வழிகிற பாதி நொதித்த இனிப்புச் சாற்றுக்குப் பொஜொலேயில் 'பரதீ' என்று பெயர். சொர்க்கம் என்று அர்த்தம். அறுவடை ஆட்கள் அச்சடியில் குவளையோடு நிற்பார்கள். இளஞ்சிவப்பாக, நுரை கட்டி, திராட்சைத் தோல் மணத்தோடு ஓடும் அந்தச் சாற்றை ஒரு மிடறு குடித்தவருக்கு ஊர்க்காரர்கள் பெயரிட்ட காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

'எதுவும் சேர்க்காதது' என்பதை 'எதுவும் செய்யாதது' என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. இட்லி மாவுக்கு ஈஸ்ட் போடுவதில்லை என்பதால் மாவரைப்பது சுலபம் என்றாகிவிடுமா? மார்கழியில் பொங்காத மாவையும் சித்திரையில் வழிந்த மாவையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்விகள் போதும். திறக்கும்வரை புட்டி எங்கே இருக்கும், எத்தனை சூடு படும்? திறந்தால் அன்றே முடியுமா, மிச்சம் வைக்க வேண்டுமா? உள்ளே, திராட்சையைத் தவிர, என்ன போயிருக்கலாம்? குடிக்கப்போகிறவர் யார், பழகிய சுவையை எதிர்பார்ப்பவரா? காசு எவ்வளவு, அதில் கெட்டுப்போனால் கொட்டும் காசும் சேர்ந்திருக்கிறதா? கடைசிக் கேள்வியின் பின்பாதியை யாரும் கேட்பதில்லை.

கூட்டுறவு நிலையத்து மோர்கோன்

லியோன் கடைகளில் நான் பார்க்கும் விலை சுமார் 8 முதல் 12 யூரோ. பல குடும்பங்களின் பழம் ஒரே இடத்துக்கு வந்து, பெரிய தொட்டிகளில் ஒயினாகிறது. இதைக் கேவலமாகப் பேசுவது இப்போது ஒரு நாகரிகம். நான் அந்தக் கட்சியில் இல்லை. போன வருடம் வாங்கியதும் இந்த வருடம் வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சமையலறை அலமாரியில் இரண்டு மாதம் கிடந்தாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து மூன்றாம் நாளும் குடிக்கலாம்.

மறைந்திருக்கும் கணக்கு வேறு இடத்தில். சாதாரண சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை சல்ஃபைட் இருக்க ஐரோப்பிய விதி இடம் தருகிறது. சர்க்கரை, டார்டாரிக் அமிலம், டானின், தேர்ந்தெடுத்த ஈஸ்ட் எல்லாவற்றுக்கும் வரம்புக்குள் அனுமதி உண்டு. அறுவடையான சில வாரங்களிலேயே விற்பனைக்கு வரும் பொஜொலே நுவோவில் ஒருகாலத்தில் மூக்கைத் துளைத்த வாழைப்பழ வாசனையை '71பி' என்ற ஈஸ்ட் வகையோடு சேர்த்துப் பேசுவார்கள். எல்லா நிலையங்களும் எல்லாவற்றையும் போடுவதில்லை. ஆனால் போட்டார்களா என்று லேபிளைப் பார்த்துச் சொல்வது கடினமாக இருந்தது. 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரான ஒயின்களுக்குச் சேர்மானப் பட்டியல் கட்டாயமாகியிருக்கிறது. புட்டியிலேயே அச்சிடாமல், கைப்பேசியால் படிக்கும் கட்டக்குறி வழியாகவும் அதைத் தரலாம்.

சைவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை எல்லாம் பயன்படுகின்றன. முட்டையும் பாலும் ஒயினில் தங்கியிருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையாக அச்சிட வேண்டும். மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "ஒயின் பழச்சாறுதானே" என்று நினைத்து, முட்டைகூடத் தொடாத என் உறவினர் ஒருவர் பல வருடம் நிம்மதியாகக் குடித்தார். அந்த நிம்மதியைக் கெடுத்தது நான்தான். இன்னும் அவ்வப்போது சொல்லிக்காட்டுகிறார்.

ஏபி முத்திரை உள்ள மோர்கோன்

விலை சுமார் 12 முதல் 18 யூரோ. முத்திரை முதலில் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறது: களைக்கொல்லி கிடையாது, செயற்கைப் பூச்சிக்கொல்லி கிடையாது, மாறுவதற்கு மூன்று வருடம். வசந்தத்தில் அந்தப் பக்கம் போனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். களைக்கொல்லி அடித்த தோட்டத்தில் கொடிகளின் அடியில் துருப்பிடித்தாற்போல் பழுப்பு வரிசை. பக்கத்துத் தோட்டத்தில் கணுக்கால் வரை புல்.

2012 வரை ஐரோப்பாவில் 'இயற்கை வேளாண் ஒயின்' என்று எழுதவே முடியாது. 'இயற்கை வேளாண் திராட்சையில் செய்தது' என்றுதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதன்பின் நிலவறையில் நடப்பதற்கும் விதி வந்தது, சிவப்புக்கான சல்ஃபைட் உச்சவரம்பு 100 மில்லிகிராமாகக் குறைந்தது. ஆனால் பாக்கெட் ஈஸ்ட் அனுமதி, தெளியவைக்கும் பொருள்கள் அனுமதி. ஏபி பார்த்து வாங்குகிற பலர் 'எதுவும் கலக்காதது' என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை வேறு புட்டிக்கு உரியது.

தோட்டத்திலும் ஒரு விலை இருக்கிறது. பூஞ்சைக்கு எதிராக இவர்கள் நம்புவது தாமிரத்தை. ஏழு வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு. தாமிரம் மக்காது, மண்ணிலேயே தங்கும். மழை அதிகமான வருடத்தில் டிராக்டரும் கூடுதல் சுற்று போக வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போய், மாட்டுக்கொம்பில் சாணம் அடைத்துப் புதைப்பதுவரை செல்லும் டிமீட்டர் முறையில் சிவப்புக்கு 70 மில்லிகிராம்தான் வரம்பு. அந்த முத்திரையைக் கண்டால் ஏபிக்கு மேல் ஒரு படி என்று எடுத்துக்கொள்ளலாம்; கொம்புக்குள் போகும் தத்துவத்தை நான் தொடவில்லை. 'எச்விஇ' என்ற முத்திரை மட்டும் தனி. சுற்றுச்சூழல் பெயரைச் சூட்டிக்கொண்டாலும் அது இயற்கை வேளாண்மை அல்ல. செயற்கை மருந்துகளுக்கு அதில் தடை இல்லை. பச்சை நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

லப்பியேர், கந்தகம் சேர்த்தது

30 யூரோவை ஒட்டி. தோட்டமும் ஒன்று, தொட்டியும் ஒன்று, பழைய மரப்பீப்பாய்களும் ஒன்று. கடைசி நிமிடத்தில், புட்டியில் இறங்கும் முன், கொஞ்சம் கந்தகம். கூட்டுறவு ஒயினில் பழம் வந்திறங்கிய உடனேயே கந்தகம் போடலாம். இங்கே நொதிப்பு முழுக்கத் தன் போக்கில் முடிந்திருக்கிறது. செர்ரி, மண், கொஞ்சம் மிளகு என்று நான் அடையாளம் காணும் மோர்கோனின் முகம் இதில் கலையாமல் இருக்கிறது.

சேர்த்ததை 'கோழைகளின் புட்டி' என்று கிண்டல் செய்யும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வீட்டில் நிலவறை இருக்கிறது. நான்காவது மாடியில், மேற்கு பார்த்த ஜன்னலோடு வாடகைக்கு இருக்கிற எனக்கு இல்லை. ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும் என்றால், ரயிலில் கொண்டுபோக வேண்டும் என்றால், கொடுக்கப்போகிறவர் அதை எங்கே வைப்பார் என்று தெரியாது என்றால், நான் இதைத்தான் எடுக்கிறேன்.

லப்பியேர், எதுவும் சேர்க்காதது

விலை ஏறக்குறைய அதே. நன்றாக இருக்கும் நாளில் இதற்கு இணை இந்த அலமாரியில் இல்லை. சேர்த்ததையும் சேர்க்காததையும் அடுத்தடுத்து ஊற்றிக் குடித்திருக்கிறேன். சேர்த்தது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பழம் என்றால், சேர்க்காதது கையில் பிழிந்த பழம். லேசாகக் கலங்கலாக இருக்கும், முதல் மிடறில் நாக்கில் சிறு குறுகுறுப்பு இருக்கலாம். அது எஞ்சிய கரியமில வாயு. ஜாடியில் ஊற்றிச் சுழற்றினால் போய்விடும். அதைக் குறை என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம்.

நன்றாக இல்லாத நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வகைப் புட்டிகளை 14 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். அது சம்பிரதாயத்துக்குப் போட்ட வரி அல்ல. உள்ளே உயிரோடு இருக்கிற ஈஸ்டும் பாக்டீரியாவும் சூடு கண்டால் மறுபடி வேலையைத் தொடங்கும். ஒரு ஜூலை மாதம், வேறொரு சிறு பண்ணையின் கந்தகமில்லாப் புட்டி இரண்டை மார்செய்யிலிருந்த சித்தி வீட்டுக்குக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு போனேன். வழியில் சாப்பிட நின்ற ஒன்றரை மணி நேரம் கார் வெயிலில். மாலையில் தக்கையை எடுத்தபோது சீறியது. ஊற்றினால் ஆப்பிள் அழுகிய வாசனை, அதன் பின்னால் காடி. சித்தப்பா நாகரிகமாக அரை கிளாஸ் குடித்துவிட்டு மோர் கேட்டார். நாற்பது யூரோவுக்கு மேல் கழுவுதொட்டியில் கொட்டினோம். பண்ணைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை; பின்லேபிளில் எழுதித்தான் வைத்திருந்தார்.

இன்னொரு குறை கொஞ்சம் வினோதமானது. பிரெஞ்சுக்காரர்கள் 'எலிச் சுவை' என்பார்கள். முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. குடித்தாலும் தெரியாது. விழுங்கிப் பத்து இருபது நொடி கழித்து, நாக்கின் அடியில் எலிக்கூண்டைத் திறந்ததுபோல் ஒரு வாடை எழும்பும். காரணமான சேர்மங்கள் ஒயினின் புளிப்பில் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கின்றன. எச்சிலோடு கலந்து புளிப்பு குறைந்ததும் எழுந்து வருகின்றன. அவற்றில் ஒன்று பாசுமதி அரிசிக்கு மணம் தருகிற அதே சேர்மம். ஆகவே குடித்தபின் வாயில் பிரியாணி அரிசி மணந்தால் மகிழ வேண்டாம். சிலருக்கு இந்த வாடை தெரியவே தெரியாது. ஒரே மேசையில் ஒருவர் முகம் சுளிக்க இன்னொருவர் இரண்டாம் கிளாஸ் கேட்பார். சந்தேகம் என்றால் புறங்கையில் இரண்டு சொட்டு தேய்த்து முகர்ந்து பாருங்கள். திறந்து வைத்தால் இது வளரும் என்பதால், மிச்சம் வைக்கிற வீட்டுக்கு இந்தப் புட்டி ஒத்துவராது.

உள்ளே என்ன இருக்கிறது என்பதில் இதுதான் முதலிடம். 'வேன் மெத்தோத் நத்யூர்' (இயற்கை முறை ஒயின்) என்ற முத்திரை 2020இல் பிரான்சில் வந்தது. இயற்கை வேளாண் பழம், கைப் பறிப்பு, பழத்தோடு வந்த ஈஸ்ட், வேறெந்தச் சேர்மானமும் இல்லை. சல்ஃபைட் ஒன்றும் சேர்க்காததற்கு ஒரு சின்னம், லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருப்பதற்கு வேறு சின்னம். முட்டை, மீன் கவலை உள்ளவர்களுக்கு நான் சொல்லும் குறுக்குவழி இந்த முத்திரைதான். முத்திரை வாங்காத நல்ல பண்ணைகளும் ஏராளம். அங்கே கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

தலைவலி பற்றி ஒரு வார்த்தை. "கந்தகம் இல்லாவிட்டால் தலை வலிக்காது" என்று விற்பவர்களை நம்பாதீர்கள். உலர்ந்த ஆப்ரிகாட்டில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை சல்ஃபைட் அனுமதி. அதைத் தின்று யாரும் தலையைப் பிடித்துக்கொள்வதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்ஃபைட் உண்மையிலேயே ஆகாது, அவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஈஸ்ட் தானாகவே கொஞ்சம் சல்ஃபைட் உண்டாக்கும், ஆகவே சேர்க்காத ஒயினும் பூஜ்யம் அல்ல. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் 'சல்ஃபைட் உள்ளது' என்று அச்சிட்டாக வேண்டும். மற்றபடி நான்கு புட்டியிலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான்.

ஒரே பார்வையில்

| | கூட்டுறவு | ஏபி | லப்பியேர் சேர்த்தது | லப்பியேர் சேர்க்காதது |
|---|---|---|---|---|
| விலை (சுமார், யூரோ) | 8–12 | 12–18 | 30 | 30 |
| சூடு தாங்குமா | ஓரளவு நன்றாக | ஓரளவு | கொஞ்சம் | தாங்காது |
| திறந்தபின் | 3 நாள் | 2–3 நாள் | 2 நாள் | அன்றே |
| சல்ஃபைட் | 150 மி.கி. வரை | 100 மி.கி. வரை | புட்டியில் அடைக்கும்போது சிறிதளவு | சேர்ப்பதில்லை |
| ஈஸ்ட் | பெரும்பாலும் வாங்கியது | வாங்கியதும் இருக்கலாம் | பழத்தோடு வந்தது | பழத்தோடு வந்தது |

திறந்தபின் தாங்கும் நாட்கள் என் சமையலறைக் கணக்கு.

யாருக்கு எது

ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்து எடுத்துப்போக, இந்தியச் சுங்கம் அனுமதிக்கும் இரண்டு லிட்டருக்குள் எதை வைப்பது என்று கேட்பவர்களுக்கு: சேர்க்காததை மட்டும் வேண்டாம். விமானம் இறங்கியபின் சென்னை வெயிலில் டாக்சி, பிறகு மாமா வீட்டு ஷோகேஸ். அங்கே அது ஒரு வருடம் விருந்தாளிகளுக்குக் காட்டப்படும். அதற்குக் கூட்டுறவுப் புட்டியே தகுதி.

இருபது பேர் கூடும் பிறந்தநாளுக்கும், இறைச்சியில் ஊற்றிச் சமைக்கவும் அதுவேதான். குழம்பில் கொதிக்கப்போகும் ஒயினுக்கு முப்பது யூரோ கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வாராவாரம் வீட்டில் ஒரு புட்டி திறப்பவர், தோட்டத்தில் மருந்தடிப்பதுதான் மனதை உறுத்துகிறது என்றால், ஏபி. மாதம் ஒருமுறை லப்பியேர் வாங்குவதைவிட நான்கு வாரமும் ஏபி வாங்குவதில் மண்ணுக்குக் கிடைக்கும் நன்மை அதிகம் என்பது என் எண்ணம்.

சேர்க்காததை வாங்குவதென்றால் அன்றே வாங்கி, 13, 14 டிகிரிக்குக் குளிரவைத்து, அன்றே நான்கு பேராக முடித்துவிடுங்கள். கோழி வறுவலோடு நன்றாகப் போகும். காரம் அதிகமான மட்டன் குழம்போடு இந்த ஒயின் காணாமல் போகும், முயன்று பார்த்தாயிற்று.

நண்பர் சேர்த்ததை எடுத்துக்கொண்டு மேலதிகாரி வீட்டுக்குப் போனார். மேலதிகாரி அதை அன்று திறக்கவில்லை. நன்றி சொல்லி வாங்கி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தாராம். சேர்க்காததையும் நண்பர் கடையில் விட்டு வரவில்லை. அதை வாங்கிய அன்று மாலையே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எலி வரவில்லை.